புதிய ஆசிரியரும் மூத்த ஆசிரியரும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையிற் பேசுமாறு நம் காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தபொழுது, எப்பொருள் பற்றியும் பேசலாமென்றும், கல்வியைப் பற்றியதாயின் நன்றென்றும் கூறினர். கல்வியின் பெருமை இம்மேடையில் ஆண்டுதோறும் பேசப்பட்டு வருகின்றது. அதனை அறியாதார் இங்கு ஒருவரும் இலர். ஆதலின் அப்பெருமையைப் பெரியோர்க்கு விட்டுவிட்டு, நேற்று வேலையில் அமர்ந்து இன்று முதன்முதலாக வகுப்பினுட் புகும் இளைய ஆசிரியர் ஒருவரைப்பற்றிச் சில சொல்லத் துணிந்தேன். நம் குடும்பங்களிலிருந்து ஆசிரியத் தொழிலுக்கு வந்துள்ள பிள்ளைகள், அவருள்ளும் பெண்மக்கள், இந்நாளிற் பலராவர். எனவே இது பிறர் வீட்டுச் செய்தியன்று.

ஏனைய தொழில்களை முதலில் நோக்குவோம். மருத்துவம் கற்றவர் ஓராண்டு மூத்த மருத்துவரின் கீழ்ப் பயிற்சி மருத்துவராயிருந்த பின்னரே தனித்து நோய் பார்க்கும் உரிமை பெறுகின்றார். சட்டம் படித்தவர் பெரிய வக்கீல் ஒருவரின் கட்டுகளைச் சுமந்து சில ஆண்டு நீதிமன்றம் செல்கின்றார். கொத்து வேலைக்கு வரும் சிறுவனும் நெடுநாள் சித்தாளாய் நின்று, கலவை குழைத்துக் கொடுத்து, கொத்தனார் கை போகும் வழியைக் கண்ணாற் கண்டபின்னரே கரண்டியைத் தொடுகின்றான். ஆசிரியர்க்கோ இந்நிலை இல்லை. முப்பதாண்டு பழகிய ஆசிரியர் செய்யும் வேலை முழுவதும் முதல் நாளே அவர் தலையில் ஏற்றப்படுகின்றது. முழுவதும் என்றது குறைத்துக் கூறியதேயாம். பாடவேளை அட்டவணை வகுக்கும்போது மூத்தோர் தமக்கு வேண்டிய வகுப்புகளை முன்னரே எடுத்துக்கொள்கின்றனர். அடங்காத ஒன்பதாம் வகுப்பும், உண்டபின் கண் சொக்கும் ஐந்தாம் பாடவேளையும் எஞ்சிப் புதியவர்க்கு வருகின்றன. வாராத ஆசிரியர்க்கு மாற்றாக அனுப்பப்படுபவரும் பெரும்பாலும் அவரே.

"அவர் பயிற்சி பெற்றுத்தானே வந்துள்ளார்?" என்று நீங்கள் வினவலாம். உண்மை. முன்பு ஓராண்டாயிருந்த பி.எட். படிப்பு, 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி ஈராண்டாயிற்று. அதனுள் 20 வாரம் பள்ளிகளிற் பழகவும் வகை செய்யப்பட்டது. அதற்குமேல் தகுதித்தேர்வு ஒன்றும் உளது. நம் மாநிலத்தில் அது முதன்முதல் 2012-ஆம் ஆண்டு நடைபெற்றது. இவ்வளவும் கடந்து வருவார் அறிவிற் குறைந்தவரல்லர். ஆயினும் பயிற்சிக் காலத்தில் அவர் புகுந்த வகுப்பு வேறொருவருடைய வகுப்பு. இன்னும் சில வாரத்தில் இவர் போய்விடுவாரென்பது பிள்ளைகளுக்கு நன்கு தெரியும். விருந்தினரிடம் நடந்துகொள்வதுபோல நடந்துகொண்டிருப்பர்.

இவ்விடத்து நன்னூலை நினைவூட்டுதல் தமிழ் படித்த என்போன்றார்க்குக் கடமை. பவணந்தி முனிவர் அந்நூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியனது இலக்கணத்தையும் மாணாக்கனது இலக்கணத்தையும் விரித்துக் கூறுகின்றார். அங்கே ஒரு கணக்கும் தருகின்றார். ஆசிரியன் சொல்லியவற்றை முற்றும் உட்கொண்டாலும் ஒருவன் பெறுவது காற்பங்கு புலமையே. உடன் பயில்வாரோடு பழகுதலால் வருவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கும் தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வந்து சேரும் என்பது அவர் கருத்து. மாணாக்கர்க்குச் சொல்லப்பட்ட இக்கணக்கு, கற்பிக்கும் தொழிலுக்கும் அப்படியே பொருந்துகின்றது. பயிற்சிக் கல்லூரி தருவது காற்பங்கு. வகுப்பில் நின்று கற்பித்துக் கற்பித்துப் பெறுவது அரைப்பங்கு. இடையிலுள்ள காற்பங்கு, உடனிருப்பார் தருவது. அதனைத்தான் நம் பள்ளிகள் புதியவர்க்குக் கொடாமல் நிறுத்திவைத்துள்ளன.

அக்காற்பங்கு கிடையாவிடின், பின்வரும் அரைப்பங்கும் கெடும். அமெரிக்க நாட்டில் டான் லார்ட்டி என்னும் சமூகவியலறிஞர், பள்ளியாசிரியரைப்பற்றி 1975-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விளக்கியுள்ளார். ஆசிரியராக வருவார் ஒவ்வொருவரும் தம் இளமையிற் பல்லாயிரம் மணி நேரம் பலகையில் அமர்ந்து தம் ஆசிரியர்களைப் பார்த்திருக்கின்றனர். அவர்கள் செய்தது தெரியும், ஏன் செய்தனர் என்பது தெரியாது. துணையின்றித் தவிக்கும் வேளையில் பயிற்சிக் கல்லூரியிற் படித்தது மறந்துபோக, பழைய காட்சியே கைக்கு வருகின்றது. பிரம்படியை நேரே வெறுத்த ஒருவர் பிரம்பைத் தேடுவது இவ்வாறுதான். முட்டைகளை ஒன்றோடொன்று தொடாவண்ணம் அடுக்கும் பெட்டிபோலப் பள்ளிக்கூடம் இருக்கின்றதென்றும், ஒவ்வோர் ஆசிரியரும் தம் அறைக்குள் தனித்திருக்கின்றாரென்றும் அவர் கூறுகின்றார். நம்மூர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் இவ்வுவமை பழுதின்றிப் பொருந்தும். அந்நாட்டிலேயே ரிச்சர்டு இங்கர்சால் முதலியோர் ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, புதிய ஆசிரியருள் நூற்றுக்கு 44 பேர் ஐந்தாண்டுக்குள் அத்தொழிலை விட்டகல்கின்றனர்.

நம்மிடையே அவ்வாறு விட்டகன்ற ஒரு பெண்ணை யான் அறிவேன். ஊரும் பெயரும் வேண்டா. தமிழ் முதுகலையில் நன்கு தேறியவள். தனியார் பள்ளியொன்றில் ஜூன் மாதம் சேர்ந்தாள். ஐந்து வகுப்புகள் கொடுத்தனர்; வகுப்புக்கு ஏறக்குறைய 45 பிள்ளைகள். கட்டுரை ஏடுகள் மட்டும் 225. ஏட்டுக்கு மூன்று நிமிஷம் வைத்தாலும் பதினொரு மணி நேரத்துக்கு மேலாகும். இரவு பன்னிரண்டு வரை சிவப்பு மையால் ஒவ்வோர் எழுத்துப்பிழையையும் வட்டமிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவ்வட்டங்களைப் பார்த்ததும் இல்லை. ஒரு நாள் வகுப்பில் எழுந்த சத்தத்தைக் கேட்டுத் தலைமையாசிரியர் உள்ளே வந்து, பிள்ளைகள் முன்னிலையிலேயே அவளைக் கடிந்துகொண்டார். அதன்பின் அவ்வகுப்பு அவள் சொற்கேட்குமா? தீபாவளிக்கு வீடு வந்தவள் மீண்டும் செல்லவில்லை. "உனக்கு ஒத்துவராத வேலை" என்று வீட்டாரும் ஆறுதல் கூறினர். இப்பொழுது வேறொரு வேலையிற் கணக்கெழுதிக்கொண்டிருக்கின்றாள். அவள் செய்யுளை இசையோடு படிக்கக் கேட்டவன் யான். ஆதலின் அந்த ஆறுதலை என்னால் ஏற்க இயலவில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது யாது? ஏடுகளை நாளுக்கு ஒரு வரிசையாகத் திருத்து, ஏனையோர்க்குப் படித்த அடையாளம் மட்டும் இடு என்று சொல்ல ஒருவர். இவ்வாரம் வல்லினம் மிகும் இடம் ஒன்றனையே பார், மற்றைப் பிழைகளை அடுத்த வாரத்துக்கு விட்டுவை என்று சொல்ல ஒருவர். கூச்சல் மிகும்போது குரலை உயர்த்தாதே, தாழ்த்து. தொண்டை முப்பது ஆண்டுக்கு வேண்டும் என்று சொல்ல ஒருவர். இவை எந்த நூலிலும் இல்லாதனவல்ல. ஆனால் நூலில் உள்ளது வேண்டும் வேளையில் நாவுக்கு வருவதில்லை.

இனி, சட்டம் இதற்கு என்ன செய்கின்றதெனின், புதியவர்க்குத் தகுதிகாண் பருவம் என ஒன்றை வைத்திருக்கின்றது. அரசு ஊழியர்க்கு நம் மாநிலத்தில் அது பொதுவாக ஈராண்டு. சொல்லையே பாருங்கள்: தகுதி காண்டல். காண்பார் பலர் உளர். தலைமையாசிரியர் காண்கின்றார்; கல்வி அலுவலர் காண்கின்றார்; பெற்றோர் காண்கின்றனர்; பிள்ளைகளும் காண்கின்றனர். தகுதியை வளர்ப்பார் ஒருவர் வேண்டுமென்பதற்கு அச்சொல்லில் இடமில்லை. காண்பாரையே வளர்ப்பாராகவும் அமர்த்திவிட்டாற் குறை தீருமென்று சிலர் கருதுகின்றனர். அங்குத்தான் யான் மாறுபடுகின்றேன். தம்மைப்பற்றி அறிக்கை எழுதுவாரிடம் தம் குறையை எடுத்துச் சொல்ல எவர்க்கும் நா எழாது. துணையாவார் வேறு, அளப்பார் வேறாயிருத்தல் வேண்டும். இருவரும் ஒருவராயின் துணை கெட்டு அளத்தல் ஒன்றே நிற்கும்.

இதனை நன்குணர்ந்த கணக்காசிரியர் ஒருவர் எம் பள்ளியில் இருந்தார். ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளாயின. ஒரு முறை அறிவியல் கற்பிக்க இளைஞர் ஒருவர் புதிதாக வந்தார். அவர் வகுப்பின் இரைச்சல் இரண்டு சுவரைத் தாண்டிக் கேட்கும். ஆசிரியர் அறையிற் சிலர் நகைத்தனர். சிலர் தலைமையாசிரியரிடம் முறையிட்டனர். கணக்காசிரியர் மட்டும் அவரிடம் சென்று, "தம்பி, எனக்கு இவ்வேளை வகுப்பில்லை. ஆசிரியர் அறையில் மின்விசிறி ஓடவில்லை. உம் வகுப்பிற் கடைசிப் பலகையில் உட்கார்ந்து தாள் திருத்திக்கொள்ளலாமா?" என்று கேட்டார். "தாராளமாக வாருங்கள், ஐயா" என்றார் இளைஞர். மின்விசிறி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததென்பதற்கு யானே சாட்சி.

நான்கு நாள் அவ்வாறே அமர்ந்து தாள் திருத்தினார், தலை நிமிரவில்லை. மூத்தவர் ஒருவர் பின்னாலிருக்கின்றாரென்ற அளவில் இரைச்சல் பாதியாயிற்று. மாலையிற் பேருந்து நிலையத்துக்கு இருவரும் நடந்து செல்வர். முதல் நாள் பாடத்தைப்பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சன்னலோரம் மூன்றாம் வரிசையிலுள்ள பையன் பெயர் என்ன, தம்பி?" என்று மட்டும் கேட்டார். இளைஞர்க்குத் தெரியவில்லை. மறுநாள் தெரிந்துகொண்டார், அப்பையனோடு இன்னும் பத்துப் பெயரையும் தெரிந்துகொண்டார். மூன்றாம் நாள், "நீர் முதலிற் பெயரைச் சொல்லிப் பின் வினாவைக் கேட்கின்றீர். பெயர் சொன்னவுடன் மற்ற நாற்பத்துநான்கு பேரும் ஓய்வெடுத்துக்கொள்கின்றனர். வினாவை முதலிற் கேளும். சற்றுப் பொறும். பிறகு பெயரைச் சொல்லும்" என்றார். அவ்வளவே. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் அவர் சொன்னதில்லை.

அவர் செய்தவற்றுள் யான் மிகவும் மதிப்பது அதன்பின் நிகழ்ந்ததாகும். "நாளை என் வகுப்புக்கு வாரும், தம்பி. பத்தாம் வகுப்பு வடிவியலில் நடுவே பிள்ளைகள் எங்கோ என்னை விட்டுப் போய்விடுகின்றனர். எங்கே போகின்றனரென்று பார்த்துச் சொல்லும்" என்று அழைத்தார். முப்பதாண்டு பழகியவர் தம் வகுப்பின் கதவை மூன்று மாதப் பழக்கமுடையவர்க்குத் திறந்துவிட்டார். இளைஞர் சென்று பார்த்து, படத்தைக் கரும்பலகையில் வரையும்போது ஆசிரியர் முதுகு பிள்ளைகளை நோக்கியிருப்பதையும், அவ்வேளையில் அவர்கள் கருத்துச் சிதறுவதையும் சொன்னார். கணக்காசிரியர் மறுநாள் முதல் படத்தை முன்னரே வரைந்துவைத்தார். சில வாரம் கழித்துத் தலைமையாசிரியர் அவரைத் தனியே அழைத்து, "புதியவர் எப்படி?" என்று வினவ, "அதனை நீங்கள் சென்று பாருங்கள். யான் அங்குத் தாள் திருத்தப் போகின்றேன்" என்று கூறிவிட்டார். அவ்விளைஞர் இன்றும் அத்தொழிலில் இருக்கின்றார்.

இஃது ஒருவருடைய தனிக்குணமென்று தள்ளிவிடுதல் கூடாது. நம் முன்னோரிடையே இதற்கு வழக்கம் இருந்தது. திண்ணைப்பள்ளியிற் சட்டாம்பிள்ளையாயிருந்தவன், வாத்தியார் கண்ணெதிரே சிறுவர்க்கு எழுத்துக் கற்பித்துக் கற்பித்தே தானும் வாத்தியாரானான். 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்டுரு பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தி, மூத்த பிள்ளைகள் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்தார். 1797-இல் அதனைப்பற்றி இலண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரால் அது பல நாடுகளிற் பரவிற்று. திண்ணைப்பள்ளியை யான் புகழ்கின்றேனென்று எண்ணவேண்டா. அங்கே கோதண்டமும் இருந்தது. பல வகுப்புப் பிள்ளைகளுக்கு அத்திண்ணை எட்டாமலும் இருந்தது. கற்பிப்பதைப் பெரியவர் ஒருவர் அருகிருக்கக் கற்றுக்கொள்ளலாமென்ற ஒன்றனை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்வோம்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியாரவர்கள் 1880-ஆம் ஆண்டு ஓய்வுபெற்றபோது, தம் இடத்துக்குத் தக்கவர் உ.வே. சாமிநாதையரே என்று தாமே முயன்று அவரை அமர்த்தினார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கர். ஒருவர் மூத்தவர், மற்றவர் இளையவர். ஐயர்க்கு அப்போது வயது ஏறக்குறைய இருபத்தைந்து. மடத்திற் பாடஞ்சொல்லிப் பழகிய அவர் கல்லூரியிற் கற்பித்தறியாதவர். அவ்வாண்டிலேயே குடந்தையிற் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டதும், அவர் வாயிலாகச் சீவகசிந்தாமணி ஆராய்ச்சியிற் புகுந்ததும், 1887-இல் அந்நூல் அச்சேறியதும் தமிழர் அறிந்தனவே. பதவியை விட்டுச் செல்வார் தமக்குப்பின் வருவாரைப்பற்றிக் கவலைகொண்டமையால் விளைந்த நன்மைக்கு இதனினும் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. இக்காலத்தில் ஓய்வுபெறுவார்க்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். அவர் இடத்துக்கு வருவார் யாரென்று அவர்க்கே தெரிவதில்லை.

பிற நாட்டார் இதனை விதியாகவே செய்துவிட்டனர். ஜப்பானில் 1989 முதல் அரசுப் பள்ளிப் புதிய ஆசிரியர்க்கு முதலாண்டு முழுவதும் மூத்த ஆசிரியரின் வழிகாட்டுதலோடு கூடிய பயிற்சி உண்டு. ஸ்காத்லாந்தில் 2002 முதல் முதலாண்டு ஆசிரியர்க்குப் பாடவேளை குறைக்கப்படுகின்றது. இங்கிலாந்தில் 2021 முதல் இது ஈராண்டாக நீட்டப்பட்டது. முதலாண்டில் நூற்றுக்குப் பத்தும், அடுத்த ஆண்டில் ஐந்தும் வேலை நேரத்திற் கழிக்கப்பட்டு, வழிகாட்டும் ஆசிரியர் ஒருவரும் தரப்படுகின்றார். நம் நாட்டிலும் 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர்க்கு வழிகாட்ட மூத்தோரைத் திரட்டும் இயக்கமொன்றைக் கூறிற்று. 2022-இல் மத்தியப் பள்ளிகள் 30-இல் அது முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. நாடெங்கும் உள்ள பள்ளிகளை எண்ணும்போது முப்பது என்பது எவ்வளவென்று நீங்களே அறிவீர்கள். மேலும் 2024–25-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் நாட்டில் ஓராசிரியர் பள்ளிகளே ஓர் இலக்கத்துக்கு மேல் உள்ளன. அங்கே அமர்த்தப்படும் புதியவர்க்கு அடுத்த அறையில் மூத்தவர் எங்ஙனம் இருப்பார்? அரசாங்கம் வகுத்த வட்டார வளமையங்களும் குறுவளமையங்களும் உதவுகின்றன, மறுக்கவில்லை. ஆயினும் ஐம்பதுபேரை ஓர் அறையில் அமர்த்திப் படங்காட்டிப் பேசுவது பயிற்சியாகும், துணையாகாது.

மூத்தோர் எல்லாரும் இதற்கு ஏற்றவரோவெனின், அல்லர். நன்னூலார் ஆசிரியராகாதார்க்கு உவமை கூறுமிடத்தில் மடற்பனையைக் கூறுகின்றார். தன்னிடம் எவரையும் ஏறவொட்டாது, விழும் பழத்தைப் பொறுக்கிக்கொள் என்று நிற்கும் மரம் அது. பருத்திக்குண்டிகையையும் கூறுகின்றார்; சிறிது சிறிதாகத் திணித்து, சிறிது சிறிதாகவே பிடுங்கியெடுக்க வேண்டும். இவ்விரண்டும் நம் ஆசிரியர் அறைகளில் இல்லையென்று யான் சொல்லமாட்டேன். மூன்றாவதாக, நன்னூலார் கூறாத ஒருவகையாரும் உளர். புதியவர் வந்த அன்றே, "இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும், அலட்டிக்கொள்ளாதே" என்று காதில் ஓதுவார் அவர். அவரினும் தனிமை நன்று.

இனி நம் சங்கம் செய்யக்கூடியவற்றைச் சொல்லி அமர்கின்றேன். நம் உறுப்பினருள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆசிரியைகள் பலர் உளர். காலையில் நாளிதழை ஒரு வரியும் விடாது படித்து முடித்து, என்ன செய்வதென்று அறியாதிருக்கின்றனர். ஜூன் மாதத்தில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் இவருள் ஒருவரைத் துணையாக்கலாம். பாடம் ஒத்திருக்க வேண்டும். இருவர் ஊரும் ஒரே பேருந்து வழியில் இருத்தல் நன்று. பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் பேசினாற் போதும். பள்ளிக்கூடத்தார் இசைந்தால் வகுப்பிலும் போய் அமரலாம். அங்கே கேட்டதைப் பள்ளிக்கும் சொல்லலாகாது, வீட்டாருக்கும் சொல்லலாகாது. வரன் பார்க்கும் பேச்சும் எழலாகாது. இதனை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எழுந்தால் பெண்பிள்ளைகள் இரண்டாம் முறை வாரார்.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். முதலாண்டில் உங்கள் மகனோ மகளோ மாலையில் முகம் வாடி வந்தால், "விட்டுவிடு" என்று உடனே சொல்லாதீர்கள்; "பொறுத்துக்கொள்" என்றும் சொல்லாதீர்கள். இன்று எந்த வகுப்பில் என்ன நிகழ்ந்தது என்று கேளுங்கள். பாதி நோய் அதிலேயே தெளியும்.

நம் சங்கத்தின் பள்ளிக் குழுவினர் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். யான் பணிபுரிவது வேறொரு பள்ளியாதலின் இதனைத் துணிந்து கூறுகின்றேன். சென்ற மூன்றாண்டுகளில் நம் பள்ளியிற் சேர்ந்த புதிய ஆசிரியருள் எத்தனைபேர் இன்று இருக்கின்றனர் என்பது குழுவினர்க்குத் தெரியும். அவ்வெண்ணை மேடையிற் கூறுதல் மரபன்று. வாரத்துக்கு 30 பாடவேளை எடுக்கும் முதலாண்டு ஆசிரியர்க்கு மூன்றனைக் குறைத்து, அம்மூன்றிலும் மாற்றுவேலைக்கு அனுப்பாது விட்டால், ஐந்து புதியவர்க்கு வாரத்திற் பதினைந்து பாடவேளை குறையும். அதற்கு அரை ஆசிரியர் சம்பளம் செலவாகும். சென்ற ஆண்டு நம் பள்ளி வாயிலுக்கு எடுத்த வளைவின் செலவோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகின்றேன். பொறுப்பாசிரியர் இவர்களைப்பற்றி எழுதும் குறிப்பேட்டுக்கும், துணையாசிரியர்க்கும் தொடர்பிருத்தல் கூடாதென்பதையும் தீர்மானத்திற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காரியதரிசியவர்கள் வாயிலருகே மேசைமேல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றார். இடப்பக்கத்தில் இவ்வாண்டு வேலையிற் சேர்ந்த பிள்ளைகளின் பெயரும் பாடமும் ஊரும் எழுதப்படும். வலப்பக்கம் மூத்தோர்க்கு. இடப்பக்கத்தில் இதுவரை ஏழு பெயர் வந்துள்ளன, வலப்பக்கத்தில் இரண்டு. உணவுக்கு எழுந்து செல்லும்போது அவ்வழியே செல்லுமாறு ஓய்வுபெற்ற பெரியோர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். பேருந்துக் கட்டணத்தைச் சங்க நிதியிலிருந்து தருவதா என்பதைச் செயற்குழு அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யும்.